சேரிக்கொரு வரலாற்று மன்றம்

வரலாறு நம் பிள்ளைகளுக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, பாடப்புத்தகம். மனப்பாடம் பண்ணி, மார்க் வாங்கி, மறந்துவிடலாம். இன்னொன்று, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுவது. மரபு நடை, கல்வெட்டுப் பயிற்சி, ஓவியப் போட்டி, வினாடி வினா, கடைசியில் ஒரு சான்றிதழ். ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினம் வந்தாலும் நவம்பரில் பாரம்பரிய வாரம் வந்தாலும் ஊருக்கு ஊர் வரலாற்று ஆர்வலர்கள் புறப்பட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டாவது வழியைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அது நல்ல காரியம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாகிவிட்டது. எல்லோரும் ஒத்துக்கொண்ட நல்ல காரியங்களில்தான் சாதி சப்பணம் போட்டு வசதியாக உட்கார்ந்துகொள்கிறது.

முண்டியம்பாக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் வரலாறு கிடக்கிறது. ரயில்வே கேட்டுக்கு அந்தாண்டை பனையபுரம், தேவாரம் பாடப்பட்ட கோயில். செஞ்சி ரோட்டில் போனால் மண்டகப்பட்டு. தளவானூர்க் குடைவரை. பனமலையில் ராஜசிம்மன் கட்டிய கோயில், அதில் கொஞ்சம் மிச்சமிருக்கும் பல்லவர் ஓவியம். எண்ணாயிரம். கீழ்வாலைப் பாறை ஓவியங்கள். இத்தனையும் ஒருநாள் பயணத்தில் பார்த்துவிடலாம். பார்க்க வேண்டியவைதான். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. எப்படிப் பார்க்கிறோம், யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

மண்டகப்பட்டில் பிள்ளைகளை நிறுத்திவைத்து என்ன சொல்கிறார்கள்? செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் ஆக்கினான் என்று கல்வெட்டு இருக்கிறது என்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டு மகேந்திரவர்மன். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். சரி. உலோகம் இல்லாமல் கட்டினான், ஆனால் உளி இல்லாமல் குடைந்தானா? அந்த உளியைப் பிடித்தவன் யார்? கல் தூள் மூச்சில் போய் இருமிச் செத்தவன் எத்தனை பேர்? இன்றைக்கும் இதே சுற்று வட்டாரத்தில் கல் உடைக்கிறவர்கள் யார்? இந்தக் கேள்வியை ஒரு பிள்ளை கேட்டால் அதற்குப் பதில் சொல்ல, கூட்டிக்கொண்டு வந்தவரிடம் ஒரு வரிகூட இருக்காது. ராஜா குடைந்தான். அவ்வளவுதான். வேலை செய்தவனைத் துடைத்துப்போட்டுவிட்டு வேலை வாங்கினவன் பேரைப் பொறிப்பதற்குப் பேர்தான் கல்வெட்டு. அதை அப்படியே பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதற்குப் பேர் பாரம்பரியக் கல்வி.

எண்ணாயிரத்துக்கு வாருங்கள். ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே பெரிய கல்லூரி இருந்தது. இளைய மாணாக்கர் 270 பேர், மேற்படிப்புக்காரர் 70 பேர், ஆக 340 பேர். பாடம் சொல்ல 14 ஆசிரியர்கள். சாப்பாட்டுக்கும் சம்பளத்துக்கும் 45 வேலி நிலம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம் மண்ணில் ஹாஸ்டலோடு காலேஜ்! கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்த 340 பேரும் ஓதியது வேதம், வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம். அதை ஓத யாருக்கு உரிமை இருந்தது என்று சொல்லவே தேவையில்லை. 45 வேலியில் ஏர் ஓட்டியவன் பிள்ளை அந்த 340இல் ஒருத்தனாக இருந்திருக்க முடியுமா? ஆதிதிராவிடர் நல விடுதியில் வேகாத சோற்றைத் தின்றுவிட்டு வருகிற பையனைக் கூட்டிப்போய், "பார், உன் முன்னோர்கள் எப்படிப் படித்தார்கள்" என்று காட்டுவதைவிடப் பெரிய கிண்டல் என்ன இருக்கிறது?

ஆனால் இதோடு கோபித்துக்கொண்டு, கல்வெட்டே வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டால் நமக்குத்தான் நஷ்டம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கோயிலுக்கு விட்ட ஊர்களின் கணக்கு இருக்கிறது. ஊர் நத்தம், குளம், சுடுகாடு என்று வரியில்லாத நிலங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வரும்போது பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. சாதியெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது, பொற்காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று கதை விடுகிறவர்களுக்கு ராஜராஜனே கல்லில் பதில் வெட்டி வைத்திருக்கிறான். அந்தச் சொல்லைத் தன் கையால் தடவி, எழுத்துக் கூட்டிப் படிக்கிற சேரிப் பிள்ளைக்கு வரலாறு வேறு விதமாகப் புரியும். ஆகவே எழுத்துப் படிக்கிற வித்தையை விட்டுவிடக் கூடாது. அதைக் கைப்பற்ற வேண்டும்.

கைப்பற்ற முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றப் பிள்ளைகள் பழைய தமிழ் எழுத்துகளைப் படிக்கப் பழகிக்கொண்டார்கள். தங்கள் ஊர் ஓடுகளையும் காசுகளையும் கல்வெட்டுகளையும் தேடிப் பதிவு செய்தார்கள். அவர்களும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள்தான், ஒரு ஆசிரியர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததால் கற்றுக்கொண்டார்கள். கல்வெட்டு எழுத்து பண்டிதர் வீட்டுச் சொத்து இல்லை என்பதை அந்தப் பிள்ளைகள் காட்டிவிட்டார்கள். அடுத்த அடி நாம் எடுத்து வைக்க வேண்டியது. எந்த எழுத்தைப் படிப்பது, எதைத் தேடுவது என்பதையும் நம் பிள்ளைகளே முடிவு பண்ண வேண்டும்.

எனக்குத் தொழில் வங்கியில் குமாஸ்தா வேலை. கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரிகிற வரலாறு ஒன்று இருக்கிறது. முதியோர் பென்ஷனுக்கும் நூறுநாள் வேலைக் கூலிக்கும் வருகிற நம் ஆயாக்களின் ஆதார் அட்டையைப் பாருங்கள். ஒருத்திக்கு ஜனவரி 1, அடுத்தவளுக்கும் ஜனவரி 1. எல்லோரும் வருஷப் பிறப்பன்றைக்கே பிறந்திருக்கிறார்கள்! எந்தக் கணக்கப்பிள்ளையும் அவர்கள் பிறந்ததை எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. "பொறந்த தேதியா? அது இன்னா எழவோ. கலவரத்தப்ப எம் மூத்தவன் கைக்கொழந்த தம்பி, நீயே கணக்குப் போட்டுக்க" என்பார்கள். அந்தக் கணக்கு தப்பாது. கலவரம் என்றால் 1978. வயசைக் கேட்டால் வரலாற்றைச் சொல்கிறார்கள். நாம் வயசை மட்டும் குறித்துக்கொண்டு வரலாற்றைக் காற்றில் விட்டுவிடுகிறோம்.

1978 ஜூலைக் கடைசியில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். இயக்கத்துக்குள் வருகிற மாணவர்களில் பாதிப் பேருக்குக் கீழவெண்மணி தெரிகிறது. 1968, 44 பேர் என்று சொல்கிறார்கள். விழுப்புரத்தைப் பற்றிக் கேட்டால் திருதிருவென்று முழிக்கிறார்கள். விழுப்புரத்திலேயே படிக்கிறவர்கள்! பஸ் ஸ்டாண்டுக்கும் மார்க்கெட்டுக்கும் தினசரி நடக்கிறவர்கள்! அன்றைக்கு இருபது வயதாக இருந்தவர்களுக்கு இன்றைக்கு எழுபது நெருங்கிவிட்டது. ஒவ்வொரு மாசமும் ஒருத்தர் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு ஆயா செத்தால் ஒரு ரெக்கார்டு ரூம் எரிந்த மாதிரி. வருகிற பத்து வருஷத்துக்குள் நாம் எழுதிக்கொள்ளவில்லை என்றால், பிறகு மற்றவர்கள் எழுதியதுதான் மிஞ்சும். போலீஸ் எழுதியது, பேப்பர்க்காரன் எழுதியது, விசாரணைக் கமிஷன் எழுதியது.

இதே விழுப்புரத்தில் 2025 ஜனவரியில் ஒரு மணிமண்டபம் திறக்கப்பட்டது. 1987 இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் உயிர்விட்ட 21 பேருக்கு அரசு கட்டியது. அதை நான் குறை சொல்லப் போவதில்லை. செத்தவர்கள் ஏழைக் குடியானவர்கள். படிப்பும் வேலையும் கேட்டுத் தெருவுக்கு வந்தவர்கள். நம் பிள்ளைகளும் அங்கே போய்ப் பார்க்கட்டும். ஆனால் போகிற பிள்ளைக்கு, அதே 1987இல் தென்னாற்காட்டில் ஊர் ஊராகச் சேரிக் குடிசைகள் எரிந்ததையும் யாராவது சொல்ல வேண்டுமா இல்லையா? 21 பேர் பெயரைப் படித்த பிள்ளை, 12 பேர் பெயரை எங்கே போய்ப் படிக்கும்? எந்த மரபு நடை பெரியகாலனி வாசலில் ஒரு நிமிஷம் நிற்கிறது?

உடனே ஒரு எதிர்ப்பு வரும். நம்மவர்களே சொல்வார்கள். "சின்னப் பசங்ககிட்ட இதையெல்லாம் போய்ச் சொல்லலாமா? பிஞ்சு மனசுல பகையை விதைக்கலாமா?" நியாயமான பயம்தான், தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. எந்த வீட்டில் தண்ணீர் கேட்கக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனால் எதுவரைக்கும் போகலாம் என்று தெரிந்திருக்கிறது. மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் நுழைந்ததற்காக நம்மவர்களை அடித்து, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலையே பூட்டி சீல் வைத்தது இந்தப் பிள்ளைகள் கண்ணுக்கு எதிரே நடந்தது. பகையை அவர்களுக்கு ஊர் சொல்லிக் கொடுத்துவிட்டது. காரணத்தை மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. காரணம் தெரியாத பிள்ளை, குறை தன்னிடம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். நாம் சொல்ல வேண்டியது பழிவாங்கும் கதையை இல்லை. எப்போது நடந்தது, யார் பார்த்தது, எந்தக் காகிதத்தில் இருக்கிறது, இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் எதை எப்படிச் சரிபார்ப்பது என்று கற்றுக்கொடுக்க வேண்டும். சாட்சியத்தை எடைபோடப் பழகின பிள்ளை வதந்தியை நம்பிக் கல்லெறியாது. முடிந்தால் ஊர்த்தெருப் பிள்ளைகளும் வந்து உட்காரட்டும். அவர்களுக்கும்தான் யாரும் சொல்லவில்லை.

காகிதம் என்றேன். அதிலும் நமக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் நம் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. ஒதுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்கு மேலும் வேறு சாதிக்கு விற்கக் கூடாது. பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் சொல்கிறோமே, அதுதான். 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டுக் காரணையில் அம்பேத்கர் சிலை வைத்த போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள்.

அந்த நிலம் உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது? கிராமத்து அ-பதிவேட்டில் இருக்கிறது. சர்வே நம்பர், உட்பிரிவு, விஸ்தீரணம், தீர்வை, பட்டாதாரர், குறிப்புக் கலம். கடன் மனுவோடு வருகிற சிட்டாவையும் அடங்கலையும் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று தெரியும்: இந்தக் காகிதங்களைப் படிப்பது வட்டெழுத்துப் படிப்பதைவிடக் கஷ்டமில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சொல்லிக் கொடுத்துவிடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. பத்து ரூபாயில் மனுப் போடலாம். பழைய பதிவையும் இன்றைய பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த நம்பர் எப்போது யார் பேருக்கு மாறியது என்று ஒரு பிள்ளை வரிசைப்படுத்தி எழுதினால் அதுதான் அந்த ஊரின் வரலாறு. ராஜாவின் மெய்க்கீர்த்தி அதற்கு அப்புறம்தான்.

நாம் ஒன்றும் புதிதாக ஆரம்பிக்கவில்லை. அமெரிக்கக் கறுப்பர்கள் செய்து காட்டிவிட்டார்கள். கார்ட்டர் உட்சன் அடிமைகளாக இருந்தவர்களின் மகன். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். 1915இல் கறுப்பர் வாழ்வையும் வரலாற்றையும் ஆராயச் சங்கம் வைத்தார். ஆராய்ச்சிப் பத்திரிகையோடு நின்றுவிடவில்லை. 1926இல் பிப்ரவரி மாதத்தில் ஒரு வாரத்தைக் கறுப்பர் வரலாற்று வாரமாக்கிப் பள்ளிக்கூடங்களுக்கும் தேவாலயங்களுக்கும் கொண்டுபோனார். 1937இல் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்றே தனியாக ஒரு பத்திரிகை நடத்தினார். அந்த வாரம்தான் பிறகு மாதமாக வளர்ந்தது. அதற்கு முன்பே 1920, 21இல் டுபாய்ஸ் கறுப்புக் குழந்தைகளுக்காக மாதப் பத்திரிகை கொண்டுவந்தார், 24 இதழ்கள். நம் சிறுபத்திரிகை எதிலாவது பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் இருக்கிறதா?

1967இல் வாஷிங்டனில் அனகோஸ்டியா என்ற கறுப்பர் பகுதியில், மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகையில் ஒரு மியூசியம் ஆரம்பித்தார்கள். 1969இல் அங்கே என்ன கண்காட்சி வைத்தார்கள் தெரியுமா? எலி! அந்தப் பகுதிப் பிள்ளைகளை ராத்திரியில் கடித்துக்கொண்டிருந்த எலி. எலி ஏன் இந்தத் தெருவில் இருக்கிறது, அந்தத் தெருவில் ஏன் இல்லை, குப்பையை யார் அள்ளவில்லை, வீட்டுச் சொந்தக்காரன் ஏன் பழுதுபார்க்கவில்லை? மியூசியம் என்றால் கிரீடமும் வாளும் என்றிருந்ததை எலியை வைத்து உடைத்தார்கள். நம் காலனிக்கு அப்படி ஒரு கண்காட்சி வைத்தால் என்ன வைப்போம்? தண்ணீர்க் குழாய் வைப்போம். சுடுகாட்டுப் பாதை வைப்போம். ஆலைக்குக் கரும்பு வெட்டிய கொடுவாளை வைப்போம்.

நமக்கும் முன்னோர் உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893இலேயே 'பறையன்' என்று பத்திரிகைக்குப் பேர் வைத்தார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' ஆரம்பித்து வாரா வாரம் வரலாற்றைத் திருப்பி எழுதினார். திருக்குறள் ஓலை தன் பாட்டனார் கந்தப்பன் மூலமாகத்தான் எல்லீசுக்குப் போனது என்று பதிவு செய்தார். ஆவணம் நம் வீட்டுப் பரணில் இருந்திருக்கிறது. நம் பக்கத்திலேயே திண்டிவனம் ரோசணையில் பேராசிரியர் கல்விமணியும் நண்பர்களும் தாய்த்தமிழ்ப் பள்ளியை உருவாக்கினார்கள். கையில் காசில்லாமல் பிள்ளைகளுக்கு ஒரு நிறுவனத்தை நடத்த முடியும் என்பதற்கு அதைவிட நெருங்கிய சாட்சி வேண்டாம்.

ஆனால் இயக்கத்தில் நாம் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறோம்? ஏப்ரல் 14 அன்று பேனர் கட்டுகிறோம். நோட்டுப் புத்தகம், பேனா, மிட்டாய். ஒரு பேச்சுப் போட்டி. தலைவர் வர ராத்திரி பத்து மணி ஆகிவிடுகிறது; அதற்குள் பிள்ளைகள் ஜமுக்காளத்திலேயே தூங்கிவிடுகிறார்கள். அவர்களையும் நாம் கூட்டம் காட்டத்தான் கூப்பிடுகிறோம். அவன் பஸ்ஸில் ஏற்றிக் காட்டுகிறான், நாம் மேடைக்குக் கீழே உட்காரவைத்துக் காட்டுகிறோம். இரண்டிலும் பிள்ளைக்கு வேலை கை தட்டுவதுதான்.

அதனால் சொல்கிறேன். மாலைநேரப் பாடசாலை நடக்கிற ஒவ்வொரு சேரியிலும் ஒரு வரலாற்று மன்றம் வேண்டும். பதிவு நம்பர், லெட்டர் பேடு எதுவும் தேவையில்லை. ஒரு நீள நோட்டு, ஒரு செல்போன், பத்துப் பிள்ளைகள், மேற்பார்வைக்கு ஒரு கல்லூரி மாணவர். முதல் வேலை, காலனியின் வரைபடத்தைப் பிள்ளைகளே போடுவது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு காலி பண்ணிய ஆறாம் வட்டார மக்கள், 1994இல் திறந்த தங்கள் மியூசியத்தின் தரையில் பழைய தெருக்களை வரைந்து, குடியிருந்தவர்களையே அதில் தங்கள் வீட்டிடத்தைக் குறிக்கச் சொன்னார்கள். அது மாதிரி, எந்த வீடு எந்த வருஷம் வந்தது, எந்தக் கிணறு யார் தோண்டியது, எந்த மரத்தடியில் பஞ்சாயத்து, எரிந்த வீடு எது என்று குறிக்கட்டும். இரண்டாவது, மாசம் ஒரு பெரியவர், அதிலும் முக்கியமாகப் பெண்கள். ஏர் ஓட்டியவர் கதையாவது எங்கேயோ வந்திருக்கும், நாற்று நட்டவள் கதை எங்கேயும் வரவில்லை. அவர்கள் சம்மதம் கேட்டுப் பதிய வேண்டும். வெளியில் சொல்லாதே என்றால் சொல்லக் கூடாது. மூன்றாவது, அ-பதிவேடு. நான்காவது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சேகரித்ததை எல்லாம் காலனி மக்கள் முன்னால் பிள்ளைகளே படித்துக் காட்டுவது. தப்பிருந்தால் அங்கேயே, "அப்பிடி இல்லடா, நான் சொல்றேன் கேளு" என்று யாராவது எழுந்து திருத்துவார்கள். எந்த ஆராய்ச்சிக் கருத்தரங்கிலும் இப்படி ஒரு திருத்தம் கிடைக்காது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சேரி என்று சொல்லிக்கொண்டு அதற்கும் வெளியே சிலரைத் தள்ளி வைத்துவிடக் கூடாது. ஏரிக்கரையில் பட்டா இல்லாமல் இருக்கிற இருளர் பிள்ளை, அருந்ததியர் பிள்ளை, நம் துணியை வெளுத்த புதிரை வண்ணார் வீட்டுப் பிள்ளை, இவர்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, நாம் அவர்களை எப்படி நடத்தினோம் என்று நம்மையே கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு நம் மன்றத்தில் இடம் இல்லையென்றால், மண்டகப்பட்டுக் கல்வெட்டை நாம் குறை சொல்ல அருகதை இல்லை.

மாணவத் தோழர்களே, ஆய்வு நிறுவனமும் அருங்காட்சியகமும் நமக்கு வரும்போது வரட்டும். அரசிடம் கேட்போம், சண்டை போட்டும் வாங்குவோம். அதுவரை ஆயாக்கள் காத்திருக்க மாட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஊர்ப் பெயரையும், அதற்குக் கீழே சேரியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு ஆயாவின் திண்ணைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய் உட்காரவைத்துவிட்டு, நீங்கள் வாயை மூடிக்கொண்டு தள்ளி நில்லுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும்.